நாலாவது எலுமிச்சம்பழம்

பக்தி இருக்கிற மனுஷனுக்குத் தூக்கம் ரொம்ப முக்கியம். தூங்காத கண்ணோடு பக்தியும் சேர்ந்துகொண்டால், அது ஆளை எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்ல முடியாது. என்னை அது ஒரு ஹெலிகாப்டரின் மேலேயே ஏற்றிவிட்டது. (பறந்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். சக்கரத்தின் மேல் கால் வைத்து ஏறி, ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டு இறங்கிவிட்டேன். அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்கே அன்றைக்கு எனக்கு ஜன்ம ஜன்மத்துக்கும் போதும் என்றாகிவிட்டது.)

நான் எட்டாவது வரைக்கும் படித்தவன். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில், பைபாஸை விட்டு மேற்கே உள்ளே வந்தால் எங்கள் ஊர். கொஞ்சம் சொந்த நிலம், ஒரு பம்புசெட்டு, இரண்டு மாடு, மனைவி தனம், திண்டிவனத்தில் காலேஜ் படிக்கிற ஒரே மகள் சுமதி. என் சாம்ராஜ்யம் இவ்வளவுதான். அங்காளம்மாவை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அவளுடைய சாம்ராஜ்யத்தில்தான் நாங்கள் எல்லோரும் இருக்கிறோம்.

அமாவாசை தவறாமல் மேல்மலையனூர் போய்விடுவேன். ராத்திரி அம்மனை ஊஞ்சலில் வைத்து ஆட்டுவார்கள். கூட்டத்தோடு கூட்டமாக நின்று, ஊஞ்சல் இந்தப் பக்கம் வந்தால் நானும் இந்தப் பக்கம் சாய்வேன், அந்தப் பக்கம் போனால் அந்தப் பக்கம் சாய்வேன். விடிந்ததும் செஞ்சி வழியாக பஸ் பிடித்து ஊரில் வந்து இறங்கிய பிறகும் எனக்குள் அந்த ஊஞ்சல் நிற்காது. அன்று பகல் பூராவும் தரை லேசாக ஆடிக்கொண்டேதான் இருக்கும். அந்த ஆட்டத்தில் இருக்கும்போது யார் என்ன கேட்டாலும் சரி சரி என்று தலையாட்டுவேன். தனத்துக்கு என்னிடம் ஏதாவது சம்மதம் வாங்க வேண்டுமென்றால் அந்த ஒரு நாள்தான் வாய்ப்பு.

ஏனென்றால் மற்ற நாட்களில் எனக்கு வாய் நீளம். வீட்டில் ஒரு டம்ளர் நசுங்கினால்கூட "எவ நசுக்குனது?" என்று பம்புசெட்டு வரைக்கும் கேட்கிற மாதிரி கத்துவேன். அதனால் எங்கள் வீட்டில் எதுவுமே உடையாது. எல்லாம் தானாகக் காணாமல் போய்விடும். ஒரு டார்ச் லைட் காணோம், மோட்டார் கொட்டகைச் சாவி காணோம், என் விபூதிச் சம்புடத்தின் மூடி காணோம். கேட்டால் யாருக்கும் தெரியாது. தனம் என்னிடம் வாயைத் திறப்பதற்கு முன்னால் ஒரு தடவை என் முகத்தைப் பார்ப்பாள். துணி காயப்போடும் முன் வானத்தைப் பார்ப்பார்களே, அப்படி. அது புருஷன்மேல் இருக்கிற மரியாதை என்று பல வருஷம் சந்தோஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த நாளுக்கு வருகிறேன். மல்லாட்டை பிடுங்கி முடித்திருந்த சமயம். (உங்கள் ஊரில் வேர்க்கடலை என்பீர்கள்.) நிலம் மொட்டையாகக் கிடந்தது. காயைக் களத்தில் காயவைத்து, கொடியை மாட்டுக்காக அம்பாரமாகக் குவித்திருந்தோம். நான் அமாவாசை முடிந்து வந்து, கோயில் பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு, பம்புசெட்டுக்குப் பக்கத்து வேப்பமரத்தடியில் சாய்ந்திருந்தேன். பையில் குங்குமம், கொஞ்சம் கற்பூரம், அம்மன் காலடியில் வைத்து எடுத்துவந்த நாலு எலுமிச்சம்பழம்.

கண்ணை மூடினால் ஊஞ்சல். பூவும் தீவட்டியுமாக வருகிறது, போகிறது. பம்பை, உடுக்கை எல்லாம் கேட்கிறது. உடுக்கைச் சத்தம் வரவர அதிகமாகிறது. இவ்வளவு சத்தம் கோயிலில்கூடக் கேட்கவில்லையே என்று கண்ணைத் திறந்தால், வெள்ளை வெயிலில், பனைமரத்து உயரத்தில், ஊஞ்சல் மாதிரியே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் லேசாக அசைந்தபடி ஒன்று என் நிலத்துக்கு வந்துகொண்டிருக்கிறது.

வேறு யாராக இருந்தாலும் ஓடியிருப்பார்கள். நான் இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பி, "தாயே, நீயே வந்துட்டியா!" என்று சாஷ்டாங்கமாக விழுந்தேன். மல்லாட்டைக் கொடி அம்பாரம் முழுவதும் எழும்பி வந்து என்மேல் படுத்தது. தலையை வெளியே நீட்டியபோது சத்தம் அடங்கிவிட்டிருந்தது. கரண்ட் போன வீட்டு ஃபேன் மாதிரி அதன் விசிறி சோம்பலாகச் சுற்றி நின்றது. புழுதி மெல்ல இறங்கியது. அப்படி ஒரு அமைதியை அந்த நிலத்தில் நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. ஒரு காக்காகூடக் கத்தவில்லை.

உள்ளேயிருந்து இரண்டு பேர் இறங்கினார்கள். ஆறடி உயரத்தில் சிவப்பாக ஒரு ஆள். கூடவே சின்னதாக ஒரு பெண், எங்கள் சுமதிக்கு அக்கா வயசு இருக்கும். பெரிய ஆபீசர் என்று நான் நேராக ஆறடிக்காரரிடம் போய்க் கும்பிட்டேன். அவர் பணிவாக அந்தப் பெண்ணைக் கைகாட்டினார்.

"ஏனுங்கய்யா, இது உங்க காடுங்களா?" என்றது அந்தப் பெண், அச்சு அசல் சேலத்துத் தமிழில்.

"காடு இல்லம்மா, கயனி. மல்லாட்டை போட்ட கயனி" என்றேன். (சேலத்துப் பக்கம் நிலத்தைத்தான் காடு என்பார்களாம். விமானப்படையிடம் நான் பேசிய முதல் பேச்சு இது.)

"மன்னிச்சுக்குங்க. உள்ளுக்குள்ள ஒரு லைட்டு எரிஞ்சுது, அதான் எறக்கிட்டோம்."

"லைட்டுதானேம்மா? அதுக்கா எறங்கிட்டீங்க?"

"எண்ணெயில இரும்புத் தூள் வந்தா எரியற லைட்டுங்க. எரிஞ்சா பக்கத்துல நல்ல எடமாப் பாத்து எறங்கிடோணும்."

"சும்மா எரிஞ்சிருந்தா?"

"சும்மாதான் எரிஞ்சுதான்னு தெரியோணும்னாலும் எறங்கித்தானுங்க பாக்கோணும்."

எனக்கு இது விளங்கவே இல்லை. என் மோட்டார் சைக்கிளில் வாங்கிய நாளிலிருந்து ஒரு சிவப்பு லைட்டு எரிகிறது. அது அணைந்தால்தான் வண்டிக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நான் பயப்படுவேன்.

அதற்குள் ஊரே வந்துவிட்டது. முன்னால் வந்தது ஏழுமலை. எனக்கு மச்சான் முறை, பக்கத்து நிலம், கூடவே பத்துப் பதினைந்து ஆடு. மேடம் (அதற்குள் எல்லோருக்கும் மேடம் ஆகிவிட்டிருந்தார்) பம்புசெட்டுக் கயிற்றை வாங்கி வண்டியைச் சுற்றிக் கட்டச் சொன்னார். பின்னாலிருக்கிற சின்ன விசிறிப் பக்கம் யாரும் போகக் கூடாது, வண்டிமேல் யாரும் கை வைக்கக் கூடாது என்று சத்தமாகச் சொன்னார். நானும் கேட்டுக்கொண்டேன். அது மற்றவர்களுக்கு என்று எடுத்துக்கொண்டேன். நான் நிலத்துக்காரன், அதற்குமேல் அம்மன் பக்தன்!

மேடம், ரிப்பேர் பார்க்கிறவர்களைக் கூப்பிட சிக்னல் தேடிக்கொண்டு ரோட்டுப் பக்கம் போனார். ஆறடி சார் மட்டும் காவலுக்கு நின்றார். அப்போதுதான் கவனித்தேன், வண்டிக்கு மூன்று சக்கரம். ஷேர் ஆட்டோ மாதிரியே! அது என் மனசை என்னவோ செய்துவிட்டது. பாவம், நம்ம ஊர் வண்டி மாதிரி இருக்கிறது, வானத்திலிருந்து நல்லபடியாக வந்து இறங்கியிருக்கிறது, ஊர்க் கண்ணு பூராவும் அதன்மேல்தான் இருக்கிறது. கோயில் பழமோ கையில் இருக்கிறது. சுற்றிப் போடாமல் எப்படி அனுப்புவது?

பழத்தைக் காட்டி, கும்பிட்டு, சக்கரத்தைக் காட்டினேன். சாருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அவர் ஊரிலும் வண்டிக்குப் பூஜை போடுவார்கள் போல. சிரித்துக்கொண்டே தலையசைத்தார். நாலு பழத்தையும் வண்டிக்கு மூன்று சுற்று சுற்றி, சக்கரத்துக்கு ஒன்றாக வைத்தேன். நாலாவது கையில் நின்றுவிட்டது. கார் என்றால் முன்கண்ணாடிக்குக் கீழே வைப்போம். இதற்கு உயிர்நாடி மேலே, விசிறிக்குக் கீழே இருக்கிற இஞ்சின்தானே? அந்த நேரம் பார்த்து ஏழுமலையின் ஆடு இரண்டு கயிற்றுக்குள் நுழைந்தன. சார் அதுகளை விரட்டப் போனார். நான் சக்கரத்தின் மேல் கால் வைத்து ஏறி, இஞ்சினுக்குப் பக்கத்தில் ஒரு திண்டு மாதிரி இருந்த இடத்தில் குங்குமம் வைத்து, பழத்தை உட்கார வைத்து, "எப்பவும் காப்பாத்து தாயே" என்று சொல்லி இறங்கிவிட்டேன். மனசு நிறைந்துவிட்டது. ராத்திரி முழுக்கப் பார்த்த ஊஞ்சலில் நானே ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தது.

அதோடு விட்டேனா? சாரைத் தோளைப் பிடித்துத் திருப்பி, மேற்கே கையைக் காட்டி, மேல்மலையனூர் தல வரலாறு முழுவதையும் சொன்னேன். அவரும் ஒரு வார்த்தை புரியாமல் கைகட்டிக் கேட்டார். என் ஆயுசில் நான் சொன்னதை அவ்வளவு பொறுமையாகக் கேட்டவர் அவர் ஒருவர்தான். நடுவில் தனம் வந்து போனதைப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் இரண்டு டம்ளரில் ஜூஸ் கொண்டுவந்தாள். ரோட்டிலிருந்து திரும்பிய மேடம் ஒரு டம்ளர் குடித்தார். சார் ஒரே மடக்கில் குடித்துவிட்டு, சொம்பில் மீதி இருந்ததையும் வாங்கிக் குடித்தார். "நம்ம வூட்டு உபசரிப்பு பாத்தியா?" என்று ஏழுமலையிடம் பெருமை பேசினேன்.

பிற்பகலில் இன்னொரு ஹெலிகாப்டர் வந்து, ஏரிக்கரைப் பக்கம் ஒரு டெக்னீஷியனை இறக்கிவிட்டுப் போனது. மீசை வைத்தவர், வாயே திறக்காதவர். அவருடைய கருவிப் பெட்டியைத் திறந்தபோது நான் எட்டிப் பார்த்தேன். ஸ்பேனர் படுக்க ஸ்பேனர் உருவத்திலேயே பள்ளம், ஸ்க்ரூ டிரைவர் படுக்க அதன் உருவத்திலேயே பள்ளம். ஒன்றை எடுத்தால் அந்த இடம் காலியாக, பல் விழுந்த வாய் மாதிரி தெரிகிறது. வேலை முடிந்து எல்லாப் பல்லும் முளைத்தால்தான் பெட்டியை மூடுவாராம்.

சக்கரத்துப் பழங்களைப் பார்த்து அவரும் சிரித்து, ஓரமாக எடுத்து வைத்தார். மேலே ஏறி, எண்ணெயில் ஒட்டியிருந்த முடி அளவு இரும்புத் தூளைத் துடைத்துக் காட்டி, பயமில்லை என்று கையசைத்தார். இஞ்சினை ஓட்டிப் பார்த்துவிட்டால் கிளம்பலாம். மேற்கே செஞ்சி மலைப் பக்கம் மேகம் கருத்துக்கொண்டிருந்தது. மழைக்கும் இருட்டுக்கும் முன்னால் அவர்கள் போயாக வேண்டும்.

மேடம் வண்டியை ஒரு சுற்று வந்தார். ஒவ்வொரு இடமாகத் தொட்டு, உதடு அசைய, நிதானமாக. நான் பிரகாரம் சுற்றுவதைவிடப் பக்தியாக. சுற்றி வந்தவர் இஞ்சினுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டார். என் குங்குமம்.

"இங்க யாரு கை வெச்சது?"

ஆறடி சார் மட்டும் முன்னால் வந்து ஏதோ சொன்னார். மேடம் தலையை மட்டும் ஆட்டினார். என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"சக்கரத்துக்குப் பழம் வெக்க அவருதான் விட்டாராம். நடுவுல ஆடு வந்துச்சு, கவனம் போச்சு, தன் தப்புன்னு சொல்றாரு."

எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. அவ்வளவு உயரமான மனுஷன் ஊர் முன்னால் என் தப்பு என்கிறார். வானம் இடிந்து விழவில்லை. யாரும் கத்தவில்லை. அந்தத் தைரியத்தில் நானும், "அந்தக் குங்குமம் நான் வெச்சதும்மா. பழமும் ஒண்ணு வெச்சேன்" என்றேன்.

"எங்கீங்க?"

"அதோ அங்கதான்…"

அங்கே பழம் இல்லை.

அந்த நிமிஷத்தில் மூன்று பேருடைய முகமும் மாறியது. டெக்னீஷியன் டார்ச்சை எடுத்தார். குச்சி முனையில் கட்டிய சின்னக் கண்ணாடியை எடுத்தார். பல் டாக்டர் மாதிரி இடுக்கு இடுக்காகப் பார்த்தார். மேடம் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார்: "உள்ள உக்காந்து நாங்க பிடியை அசைச்சா, இஞ்சின் பக்கத்துல கம்பி அசையுமுங்க. அந்தக் கம்பிக்கு நடுவுல உங்க பழம் உருண்டு போயி மாட்டியிருந்தா, தரையில தெரியாது. மேல பறக்கும்போதுதான் தெரியும்."

"தெரிஞ்சா?"

மேடம் கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றினார். விரல்கள் எங்கள் சுமதியுடைய விரல் மாதிரியே மெலிசாக இருந்தன. அப்போதுதான் எனக்குள் ஆடிய ஊஞ்சல் நின்றது. கண்ணு படக்கூடாது என்று நான் வைத்த பழமே இந்தப் பிள்ளைகளைக் கீழே தள்ளிவிடுமா? தாயே, உன் காலடியிலிருந்து எடுத்துவந்த பழம் ஆயிற்றே! பழம் கிடைக்காமல் இஞ்சினைத் தொட மாட்டோம், நாளைக்கு எல்லாவற்றையும் கழற்றித்தான் பார்க்க வேண்டும் என்றார்கள். எனக்குக் கை கால் ஓடவில்லை. ஓடாத நேரத்தில் எனக்கு ஓடுகிற ஒரே உறுப்பு வாய்.

"எவன்டா எட்த்தது? மரியாதையா சொல்லிடுங்க! கைய முறிச்சிடுவேன்! டேய் ஏழுமலை, உன் ஆடுதான்டா துன்னிருக்கும்!"

"யோவ் மச்சான், என் ஆடு எலுமிச்சம்பழம் துன்னுமா? பல்லு கூசாது?" என்றான் ஏழுமலை. "அவ்ளோ உசரத்துல ஏறித் துன்றதுக்கு அது இன்னா உன்ன மாதிரி பக்தி முத்துன ஆடா?"

கூட்டம் சிரித்தது. நான் இன்னும் கத்தினேன். ஒவ்வொருவராகக் கை நீட்டிக் கேட்டேன். கேட்கக் கேட்கக் கூட்டம் ஒவ்வொரு அடியாகப் பின்னால் போனது.

மேடம் என் பக்கத்தில் வந்தார். "ஐயா, கொஞ்ச நேரம் நீங்க பேசாம இருங்க. நீங்க பேசற வரைக்கும் பழம் கெடைக்காதுங்க" என்று மெதுவாகச் சொன்னார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "யாரு எடுத்தாங்கன்னு எனக்கு வேண்டாமுங்க. எங்க இருக்குதுன்னு மட்டும் தெரிஞ்சாப் போதும். சொல்றவங்கள ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அது என் பொறுப்பு" என்றார்.

மேகத்தின் நிழல் நிலத்துக்குள் ஏறி வந்துகொண்டிருந்தது. கயிற்றோரம் காலி சொம்போடு நின்ற தனம் தலையைத் தூக்கினாள். வழக்கம்போல என் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள்.

மேடம் அதைக் கவனித்துவிட்டார். ஒரு தடவை தனத்தைப் பார்த்தார், ஒரு தடவை என் முகத்தைப் பார்த்தார். (அந்த நேரத்து என் முகத்தை ஏழுமலை செல்போனில் பிடித்து வைத்திருக்கிறான். மயானக் கொள்ளைத் திருவிழாவில் காளி வேஷம் கட்டினவன்கூடத் தோற்றான்.) பிறகு பேசாமல் நடந்து வந்து, எனக்கும் தனத்துக்கும் நடுவில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். எனக்கு அந்தப் பச்சை உடுப்பும், தலைமுடியில் ஒட்டியிருந்த ஒரு மல்லாட்டை இலையும்தான் தெரிந்தன. அந்தப் பக்கத்திலிருந்து தனத்தின் குரல் மட்டும் வந்தது.

"அது… ஜூஸு போட்டுட்டேம்மா."

"யாருக்குங்க?"

"உனக்குத்தான். அந்த சாருக்கும். அவரு ரெண்டாவது வாட்டிகூட வாங்கிக் குடிச்சாரே."

தனத்துக்கு இப்போது வாய் திறந்துகொண்டது.

"வூட்ல ஒரு பழம் இல்லம்மா. இவரு கொண்டாந்ததெல்லாம் வண்டிக்கு வெச்சிட்டாரு. வெயில்ல வந்து நிக்கிறீங்க, வெறுந்தண்ணியா குடுக்கிறது? சக்கரத்துக்கு வெச்சத எட்த்தா தெரிஞ்சிடும். மேல ஒண்ணு சும்மாதானே குந்திக்கினு இருந்துச்சி. இவரு அந்த சார திருப்பி வெச்சிக்கினு கதை சொல்லிக்கினு இருந்தாரு. நான் வேப்பங்குச்சால லேசா தட்டுனேன், முந்தானையில வுழுந்துச்சி."

"குச்சியில… தட்டுனீங்க?" மேடம் ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டிருக்க வேண்டும். குரல் அப்படி இருந்தது.

"லேசாத்தாம்மா. கொய்யாப்பழம் தட்ற மாதிரி."

மீசை டெக்னீஷியன் அப்போதும் நம்பவில்லை. பார்த்தால்தான் ஆயிற்று என்று கையை நீட்டினார். தனம் வீட்டுக்கு ஓடி, மாட்டுத் தொட்டியிலிருந்து பிழிந்த மூடி இரண்டையும் கொண்டுவந்தாள். அவர் அதைத் துடைத்து, இரண்டு மூடியையும் ஒட்டி வைத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். முழுப் பழம். குங்குமப் பொட்டுகூட இருந்தது. குச்சி பட்ட இடத்தையும் ஏறி ஒரு தடவை நன்றாகப் பார்த்துவிட்டு, முதல்முறையாகப் பல் தெரியச் சிரித்தார். காணாமல் போன சாமான் கிடைத்துவிட்டது, பைலட்டுகளின் வயிற்றில்!

எல்லோரும் மூச்சு விட்ட நேரத்தில்தான் எனக்கு இன்னொரு விஷயம் உறைத்தது. "அய்யய்யோ! அது சுத்திப் போட்ட பழம்! வண்டியோட திருஷ்டியெல்லாம் அதுலதானே கீது! அதக் குடிக்கவே கூடாதே!"

மேடம் அதை ஆறடி சாருக்கு மொழிபெயர்த்தார். அவர் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு கவலையாக ஏதோ கேட்டார்.

"வண்டிக்கு வந்த கண்ணு பூரா இப்ப தன் வயித்துலயான்னு கேக்கறாருங்க" என்றார் மேடம்.

சாஸ்திரம் தெரிந்தவன் என்று ஊரே என்னைப் பார்த்தது. நான் ஆகாயத்தைப் பார்த்தேன். அப்போது மேடத்தின் முதுகுக்குப் பின்னாலிருந்து தனம் சொன்னாள்: "இவரு ஏன் கத்தறாரு? நான் ஜூஸுல சக்கரை போடல, உப்புதான் போட்டேன். உப்பு போட்டா கண்ணு கழிஞ்சிடாதா?"

இதை அடுத்த அமாவாசைக்கு மேல்மலையனூரில் ஒரு பூசாரியிடம் கேட்டுப் பார்த்தேன். அவரும் யோசித்துவிட்டு, அம்மா சொன்னது சரிதான் என்றார்.

இஞ்சினை ஓட்டிப் பார்த்தார்கள். அந்த லைட்டு எரியவில்லை. கிளம்பும் முன் மேடம் எங்களிடம் வந்தார். சக்கரத்துப் பழங்கள் ஓரமாகக் கிடப்பதை நான் ஏக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பழம் நசுங்காமல் ஒரு வண்டி கிளம்புவதை நான் பார்த்ததே இல்லை. அவருக்கு அது புரிந்தது.

"பழம் வேண்டாமுங்கய்யா. கையெடுத்து ஒரு கும்புடு போடுங்க. கும்புடு எங்கயும் உருண்டு போயி மாட்டிக்காது."

கும்பிட்டேன். தனமும் கும்பிட்டாள். வண்டி எழும்பியது. பனைமரத்து உயரத்தில் ஒரு நிமிஷம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஊஞ்சல் மாதிரி அசைந்து, கிழக்கே திரும்பி, கருத்த மேகத்துக்கு முன்னால் வெள்ளையாக மிச்சமிருந்த வெளிச்சத்துக்குள் போய்க் கரைந்தது. சத்தம் போன பிறகும் நாங்கள் இரண்டு பேரும் கூப்பிய கையை இறக்கவில்லை. முதல் தூறல் விழுந்து, களத்தில் மல்லாட்டை கிடப்பது ஞாபகம் வந்த பிறகுதான் ஓடினோம்.

சாயங்காலம் தனம் அடுப்பங்கரையில் நின்று, நான் கத்துவதற்காகக் காத்திருந்தாள். எனக்கும் வாய்க்குள் நிறைய இருந்தது. ஆனால் சொல்கிறவர்களை யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்று ஒரு பெண் எங்கள் நிலத்தில் நின்று பொறுப்பேற்றுவிட்டுப் போயிருக்கிறது. அந்த வார்த்தையை நான் எப்படிக் கெடுப்பது? ஜன்னல் வழியாக மழையைப் பார்த்துக்கொண்டு, "நல்லவேளை சொன்ன, தனம்" என்றேன்.

அவள் அடுப்பில் விறகை உள்ளே தள்ளினாள். பிறகு, "அந்த டார்ச் லைட்டு கூழுக்குக் கேவுரு ஊற வெச்ச அண்டாவுல வுழுந்துட்ச்சிங்க" என்றாள்.

நாக்கைக் கடித்துக்கொண்டேன். "சரி."

"மோட்டார் கொட்டா சாவி கெணத்துல."

"சரி."

"விபூதி சம்பிடத்து மூடிய சுமதி சின்னதுல மண்ணு வெளையாட எட்த்தும் போச்சி."

"அது பத்து வருசமா காணோமேடி!"

"பத்து வருசமா உன் மூஞ்சியும் அப்டியே கீதே!"

அன்று மழை விடுகிற வரைக்கும் எங்கள் வீட்டில் காணாமல் போனதெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. நான் சரி சரி என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். தூக்கம் கண்ணைச் சுற்றியது. தரை லேசாக ஆட ஆரம்பித்தது. அவள் குரல் இந்தப் பக்கம் வந்தது, அந்தப் பக்கம் போனது. அப்படியே தூங்கிப்போனேன்.

கதை எப்படியோ விழுப்புரம் வரைக்கும் போய்விட்டது. (ஏழுமலைக்கு அங்கே அக்கா வீடு.) இப்போதும் எங்கள் வீட்டில் ஏதாவது காணோம் என்று நான் குரலை உயர்த்தினால், சுமதி உள்ளேயிருந்து, "யாரு வயித்துல கீதோ, மொதல்ல மூஞ்ச கழுவிக்கினு வந்து கேளுப்பா!" என்பாள்.

போன தை மாசம் சுமதியைப் பெண் பார்க்க விழுப்புரம் பக்கத்துக் கெடாரிலிருந்து வந்தார்கள். நல்ல சம்பந்தம். நான் வேர்த்து வழிந்தபடி உட்கார்ந்திருந்தேன். தனம் எலுமிச்சம்பழ ஜூஸ் கொண்டுவந்து வைத்தாள். மாப்பிள்ளையின் அப்பா டம்ளரைக் கையில் எடுத்து, குடிக்காமல், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"ஏம்மா, இது வூட்டுப் பழமா, ஹெலிகாப்டர் பழமா?"

எனக்கு ரத்தம் சுர்ரென்று தலைக்கு ஏறியது. தனம் தட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு, அவரையே நேராகப் பார்த்துச் சொன்னாள்:

"வூட்டுப் பழந்தாங்க. ஹெலிகாப்டர் பழமெல்லாம் பெரிய ஆபீசருங்களுக்குத்தான் குடுக்கறது."

அவர் வெடித்துச் சிரித்து ஒரே மடக்கில் குடித்தார். சம்பந்தம் அங்கேயே முடிந்துவிட்டது. எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அது தட்டுப்பட்டது. பதில் சொல்வதற்கு முன்னால் தனம் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்று அமாவாசைகூட இல்லை. முந்தின நாள் ராத்திரி நன்றாகத்தான் தூங்கியிருந்தேன். ஆனாலும் தரை லேசாக ஆடியது.